‘தேடிப் பாருங்கள்’ என்றால் எப்படித் தேடுவது? தமிழில் தேடப் புதிதாக வந்தவர்களுக்கு

“பழைய சிடியில் அப்பாவின் கட்டுரை இருந்தது. திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. கணினியில் வைரஸா?”

தமிழ்த் தட்டச்சு, மின்னூல் என்று உதவி செய்யும் எந்தக் குழுவில் இருப்பவருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம். மாதம் தவறாமல் யாராவது கேட்பார். கேட்ட இரண்டு நிமிடத்தில் ஒரு பழைய ஆள் வந்து, “இதை நூறு முறை பேசியாயிற்று, கொஞ்சம் தேடிப் பாருங்கள்” என்று எழுதிவிட்டுப் போவார். அந்தப் பழைய ஆளாக நானும் பல வருடம் இருந்திருக்கிறேன்.

ஒருநாள் இதே கேள்விக்கு முன்பு நான் எழுதிய நீண்ட பதிலை எடுத்து அனுப்பலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. கேட்டவர் ‘ஃபான்ட் மாற்றுவது’ என்று எழுதியிருந்தார், நானும் அந்தச் சொற்களையே போட்டுத் தேடினேன். என் பதிலிலோ ‘எழுத்துரு மாற்றி’, ‘குறியேற்றம்’ என்று நல்ல தமிழில் வெளுத்து வாங்கியிருந்தேன். ‘ஃபான்ட்’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. எழுதிய எனக்கே அகப்படாத பதிலைப் புதிதாக வந்தவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அன்றிலிருந்து ‘தேடிப் பாருங்கள்’ என்பதோடு நிறுத்துவதை விட்டேன். எப்படித் தேடுவது என்றும் சேர்த்துச் சொல்கிறேன். அப்படித் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் எங்கோ இருக்கிறது என்றால், அதை யாரோ ஒருவர் தன் ஊர்ப் பழக்கப்படி, தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் சொல்லை வைத்து அதைத் தேடினால் பாதி நேரம் கிடைக்காது. அவர் என்ன சொல் போட்டிருப்பார் என்று ஊகிப்பதுதான் பெரிய வேலை. ஆங்கிலத்தில் தேடுபொறிகள் இந்த ஊகத்தைப் பெருமளவு தாங்களே செய்துவிடுகின்றன. தமிழில் அந்தச் சுமை இன்னும் நம் தலையில்தான் இருக்கிறது.

முதல் படி: உங்கள் பிரச்சினைக்கு என்ன பெயர்?

அப்பாவின் கட்டுரைக்கே வருவோம். ‘திறந்தால் தமிழ் வரவில்லை’ என்று தேடினால் உலகத்தில் உள்ள எல்லாக் குழப்பமும் வந்து நிற்கும். இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணைத் தரும் பொதுமுறை) பரவலாவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்தது. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம் தெரியும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் நிற்கும். வைரஸ் ஒன்றும் இல்லை.

ஆக உங்களுக்கு வேண்டியது ‘பாமினி யூனிகோடு மாற்றி’ என்ற மூன்று சொல். இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வந்த கோப்பு என்றால் பெரும்பாலும் பாமினி. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் அடித்தது என்றால் வானவில் அவ்வையார். 2000-ஐ ஒட்டிய இணையப் பக்கம் என்றால் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களான டிஸ்கியாகவோ, 1999-ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாம், டாப் இரண்டில் ஒன்றாகவோ இருக்கலாம். எழுத்துருவின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேர்டு கோப்பாக இருந்தால், அந்தக் குப்பை எழுத்தின் மேல் சுட்டியை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் நிற்கிறது என்று பாருங்கள். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். இதைச் செய்யாமல் கேட்க வருபவர்கள்தான் அதிகம்.

பெயர் தெரியாத மற்ற பிரச்சினைகளுக்கும் இதே வழிதான். கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துத் தேடுவதைத் தவிருங்கள். திரையில் பிழைச்செய்தி வந்தால் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுத் தேடலாம். வரவில்லையென்றால் அந்தத் துறையில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசியுங்கள். அதுவும் தெரியவில்லையா? விக்கிப்பீடியாவில் அந்தத் துறையின் கட்டுரையைத் திறந்து துணைத்தலைப்புகளை மட்டும் மேய்ந்து பாருங்கள். இரண்டு மூன்று கலைச்சொல் தானாகச் சிக்கும்.

இரண்டாம் படி: எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள்

தமிழில் தேடுபவர் அதிகம் விழும் குழி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒருமுறை ஔவையாரின் தனிப்பாடல் ஒன்றைத் தேடி அரைநாள் போயிற்று. ஒரு பெரிய கோப்பு முழுக்க ஔவையார் பாடல்கள்தான், ஆனால் தேடுபெட்டி ‘இல்லை’ என்று சாதித்தது. கண்ணில் தெரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், அந்தக் கோப்பில் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டி ‘ஒளவையார்’ ஆக்கியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு ஒன்று ஔவை, மற்றது ஒளி, ஒளடதம் வகையறா. ஒளடதம் என்று நான் இப்போது எழுதியதிலும் அதே பிழை இருக்கிறது, கவனித்தீர்களா? சரியாக எழுதினால் ஔடதம்.

இதே கதை மௌனத்துக்கும் உண்டு. சரியான ‘மௌனம்’ ஒன்று, மெ என்ற எழுத்தோடு ள சேர்த்த ‘மெளனம்’ இன்னொன்று, நாளிதழ் பாணியில் ‘மவுனம்’ மூன்றாவது. பௌர்ணமி, கௌரவம், சௌகரியம் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று முகம் இருக்கிறது. ஔகார ஓசை உள்ள சொல்லைத் தேடினால் மூன்றையும் போட்டுப் பார்க்காமல் ‘கிடைக்கவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

கிரந்த எழுத்து வந்தால் கிளைகள் இன்னும் கூடும். லட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி, லெட்சுமி, இலக்குமி எல்லாம் ஒரே பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போதும் தமிழ்நாட்டில் ஒரு மாதிரி, மலேசியாவில் வேறு மாதிரி. பழைய கப்பல் பதிவிலோ தோட்டப் பதிவிலோ மூதாதையர் பெயர் தேடுபவர்கள் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பி உட்கார்ந்தால் ஆயுசுக்கும் கிடைக்காது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்திலும் ஒரு சூது உண்டு. அதை ஸ வைத்தும் அமைக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் அமைக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும்.

ஊர்ப் பெயர்களில் கடல் கடந்தால் எழுத்தே மாறிவிடும். தமிழ்நாட்டில் டொராண்டோ, யாழ்ப்பாணத்தார் எழுதினால் ரொறன்ரோ. இங்கே ஜெர்மனி, அங்கே ஜேர்மனி. இங்கே ஆஸ்திரேலியா, அங்கே அவுஸ்திரேலியா. கனடாவில் குடியேறுவது பற்றி, பிரான்சில் அகதி விண்ணப்பம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் ஈழத்தவர் எழுதியவை ஏராளம். தமிழ்நாட்டு எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுபவர் அந்தச் செல்வம் முழுவதையும் தவறவிடுகிறார். எனக்குத் தெரிந்து இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை.

சரி, ஆங்கில எழுத்தில் தேடினால் குழப்பம் தீருமா? அதுவும் இல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் தமிழ்நாடு அரசாணை வெளியானது. ஊர்ப் பெயர்கள் பல வாலை நீட்டிக்கொண்டன, கேலியும் கிளம்பியது, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசே இப்படித் தடுமாறும் இடத்தில் ஒரு நூலகப் பட்டியல் எந்த எழுத்துக்கூட்டலைப் பின்பற்றும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றியிருக்கும் பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்குத் தலைப்பு ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது, அதுவும் பிழையாக. அங்கே நூலின் பெயர் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரின் ஒரு பகுதி, பதிப்பகம், ஆண்டு என்று பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

ஆய்த எழுத்தையும் மறக்காதீர்கள். கூரையில் சுற்றும் மின்விசிறியில் சத்தம் வருகிறது என்று ‘பேன்’ போட்டுத் தேடினால் வேப்பெண்ணெய் தடவச் சொல்வார்கள். ‘ஃபேன்’ என்று அடியுங்கள்.

மூன்றாம் படி: சொல்லின் வாலைக் கழற்றுங்கள்

மரம் என்பது மரத்தில், மரத்தை, மரங்கள், மரத்தடி என்று வாலை மாற்றிக்கொண்டே போகும். சில சொற்களில் வால் ஒட்டும்போது உடம்பே மாறும்: வீடு வீட்டில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது. பெரிய தேடுபொறிகள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன. ஒரு கோப்புக்குள்ளோ ஒரு தளத்தின் சின்னத் தேடுபெட்டியிலோ தேடும்போது அந்தக் கருணை கிடைக்காது, அடித்த எழுத்து அப்படியே இருந்தால்தான் உண்டு.

அதனால் பக்கத்துக்குள் தேடும்போது மாறாத பகுதியை மட்டும் அடியுங்கள். ‘மரத்தில்’ வேண்டாம், ‘மர’ போதும். தேவையில்லாததும் நாலு வரும், வரட்டும். ‘ஆறு’ போன்றவற்றுக்கு ‘ஆற்ற’ என்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விக்கிப்பீடியாவின் தேடுபெட்டியில் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி இட்டால், அப்படித் தொடங்கும் சொற்களை எல்லாம் கொண்டுவரும்.

அகராதியில் நிலைமை தலைகீழ். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘ஓடினான்’ என்று தேடினால் கிடைக்காது. ஓடு-தல், படி-த்தல் என்று வினையடியில்தான் சொல்லை வைத்திருக்கிறார்கள். ‘இந்த அகராதியில் சாதாரணச் சொல்கூட இல்லையே’ என்று கேட்டு வருபவர்களில் பலர் வாலோடு தேடியவர்கள்தான்.

நான்காம் படி: குறிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் பார்த்து

சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் அந்தத் தொடரே இருக்கும் பக்கங்கள்தான் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 127-வது குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்று சீர் பிரித்து அச்சிட்டவர்கள் உண்டு. ‘யாகாவாராயினும் நா காக்க’ என்று பொருள் விளங்கப் பிரித்தவர்களும் உண்டு. மேற்கோள் குறிக்குள் ஒன்றை அடைத்தால் மற்றது ஒளிந்துகொள்ளும். ஒற்று மிகுவதும் அப்படியே. 391-வது குறளில் ‘கசடறக் கற்பவை’ என்ற இடத்தில் நடுவில் உள்ள க் என்ற ஒற்றை விழுங்கிவிட்டு எழுதியவர்கள் எக்கச்சக்கம்.

செய்யுள் வரியைத் தேடும்போது முழு வரியையும் அடைக்காமல், சந்தியில் சிக்காத, அதிகம் புழங்காத இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக் குறியின்றிப் போடுங்கள். 127-வது குறளில் ‘சோகாப்பர்’ என்ற ஒரு சொல்லே போதும். அது வேறு எங்கே வரப்போகிறது?

குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட ஒரு வழி இருக்கிறது. பல தளங்களின் சொந்தத் தேடுபெட்டியைவிட இது நன்றாக வேலை செய்யும். கூகுளில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டித் தளத்தின் முகவரியை எழுதி, அப்புறம் ஓர் இடைவெளி விட்டுத் தேடும் சொல்லைப் போடுங்கள். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் இது வேலை செய்யாது. நூற்றில் தொண்ணூறு பேர் சறுக்குவது அங்கேதான் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், என் அனுபவம் அப்படி. இதேபோல் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற ஆங்கிலச் சொற்களோடு ஆண்டைச் சேர்த்தால் அதற்கு முன், பின் வந்தவற்றை மட்டும் பிரிக்கலாம். வேண்டாத சொல்லின் முன்னால் கழித்தல் குறி ஒட்டினால் அது உள்ள பக்கங்கள் விலகும். ஒரு திரைப்படத்தின் பெயரும் ஓர் ஊரின் பெயரும் ஒன்றாக இருந்து, நீங்கள் ஊரைத் தேடும்போது கழித்தல் குறியோடு ‘படம்’, ‘பாடல்’ என்று போடாமல் தப்ப முடியாது.

ஐந்தாம் படி: இங்கே கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேடத் தெரிந்தும் கிடைக்காமல் போகும் இடங்கள் சில உண்டு. அவை தெரிந்தால் வீணாக மணிக்கணக்கில் மாரடிக்க வேண்டாம்.

பழைய எழுத்துருவில் உள்ள பக்கங்கள் தேடுபொறிக்கு வெறும் ஆங்கிலக் குப்பை, தமிழில் எவ்வளவு தேடினாலும் வரா. யாஹூ குழுமங்களில் தமிழர்கள் ஒருகாலத்தில் இரவு பகலாகப் பேசினார்கள். இலக்கியச் சண்டையிலிருந்து எழுத்துருச் சண்டைவரை எல்லாம் அங்கே நடந்தது. 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் பழைய மடல்களை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது, 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டது. ‘அந்த மடலில் எழுதியிருக்கிறேனே’ என்று ஒரு பெரியவர் சொன்னால், அவருடைய சொந்தக் கணினியில்தான் இனி அது இருக்க வேண்டும். மறைந்துபோன தளத்தின் முகவரி கையில் இருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அங்கே உள்ளன. முகவரியே இல்லையென்றால் அதை முதலில் தேட வேண்டும்.

வாட்ஸ்அப் குழு இன்னொரு இருட்டறை. வெளியிலிருந்து எந்தத் தேடுபொறியும் உள்ளே பார்க்க முடியாது. உள்ளே சேர்ந்தவருக்கும், தான் சேர்வதற்கு முன் பேசியவை பொதுவாகத் தெரிவதில்லை. நேற்றுச் சேர்ந்தவரிடம் ‘போன மாதமே பேசியாயிற்று, மேலே போய்ப் பாருங்கள்’ என்றால் அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? டெலிகிராமில் பழைய உரையாடலைப் புதியவர்களுக்குக் காட்டும்படி நிர்வாகி அமைக்கலாம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று புலம்பும் நிர்வாகிகள் முதலில் அந்த அமைப்பைப் பார்க்கட்டும்.

பிடிஎஃப் தனிக் கதை. அது படமாக ஸ்கேன் செய்ததா, எழுத்தாக உள்ளதா என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு வரியைத் தேர்வு செய்து பாருங்கள், எழுத்து எழுத்தாகத் தேர்வானால் உள்ளே எழுத்து இருக்கிறது. அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சில கோப்புகளில் ஒரு கூத்து நடக்கும். ‘கேள்வி’ என்ற சொல்லின் இரட்டைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய்த் தனியாக நிற்கும். கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் எழுத்துக்கு இடப்பக்கம் வரைவதால், திரையில் வரையும் வரிசையிலேயே கோப்பும் சேமித்துவிடுகிறது. இப்படிப்பட்ட கோப்பில் ‘மதுரை’ என்று தேடினால் அகப்படாது, அதிலுள்ள ரை காலை வாரிவிடும். ‘மது’ என்று தேடுங்கள். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஓசை ஏறாத எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்கித் தேடினால் சிக்கும். நான் அரசு அறிவிப்புகளுக்குள் பெயர் தேடுவது இப்படித்தான்.

ஸ்கேன் செய்த படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். புதிய அச்சுக்கு நன்றாகவே வருகிறது. 1978-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் கவனம் தேவை. அந்தக் காலத்து ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கைபோல் மேலே சுருண்டிருக்கும். றா, ணா, னா மூன்றுக்கும் வேறு உருவம். இயந்திரம் அங்கெல்லாம் தடுமாறும். பக்க எண் தமிழ் எண்களில் இருந்தால் ௧ என்ற ஒன்றை க என்று படித்துவிடும். இதையெல்லாம் தவிர்க்க, இலக்கியம் என்றால் முதலில் மதுரைத் திட்டத்துக்குப் போங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வப் பணி அது, ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சிட்டுப் பிழை பார்த்த நூல்கள் ஏராளம். இலங்கை நூல், இதழ், பத்திரிகை என்றால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையதளம். தமிழ்நாட்டு அரிய நூல்களின் ஸ்கேன் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ‘பழைய புத்தகம் எங்கே கிடைக்கும்’ என்ற கேள்விகளில் பெரும்பகுதி இந்த மூன்று கதவைத் தட்டினாலே முடிந்துவிடும்.

இப்போது பலரும் செயற்கை அறிவு அரட்டையில் கேட்டுவிட்டு வருகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது சொன்ன செய்யுள் வரியை அப்படியே நம்பாதீர்கள். இல்லாத குறளுக்கு எண் கொடுத்து, உரையும் எழுதி நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதனிடம் பதில் கேட்பதைவிட, ‘இதைத் தேட என்னென்ன சொற்களைப் போடலாம்’ என்று கேட்டால் உருப்படியாக ஏதாவது தரும்.

ஆறாம் படி: இனிக் கேளுங்கள்

இருபது நிமிடம் தேடியாயிற்று, கிடைக்கவில்லை. தயங்காமல் கேளுங்கள். இருபது நிமிடம் என்பது நானாக வைத்த கணக்கு, அதற்கு மேல் தேடுவது பிடிவாதம்.

“தமிழ் ஃபான்ட் பிராப்ளம், ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்” என்று எழுதினால் பதில் சொல்ல வருபவர் ஐந்து கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். அவர் கேட்பார், நீங்கள் மறுநாள் பார்ப்பீர்கள், அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஐயா, அம்மா, வணக்கம். 2003 வாக்கில் கொழும்பில் அடித்த வேர்டு கோப்பு ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11-ல் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது. எழுத்துருப் பெட்டியில் பாமினி என்று காட்டுகிறது. ‘பாமினி யூனிகோடு மாற்றி’ என்று தேடி, இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டேன். பெரும்பாலும் சரியாக வந்தது. ஆனால் மேற்கோள் குறிகளும் சில எழுத்துகளும் மாறிப்போகின்றன. மூல வரிகள் மூன்றும், மாறி வந்த வரிகள் மூன்றும் கீழே ஒட்டியிருக்கிறேன். எங்கே தவறு?”

இந்தக் கேள்வியைப் பார்த்து ‘தேடிப் பாருங்கள்’ என்று யாரும் சொல்ல முடியாது. என்ன செய்தீர்கள், என்ன வந்தது, எங்கே நின்றது மூன்றும் இருக்கிறது. வரிகளை எழுத்தாகவே ஒட்டியிருக்கிறீர்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால், பதில் சொல்பவர் அதை நகலெடுத்துச் சோதிக்க முடியாது. எழுத்து உருக்குலைந்து தெரிகிறது என்பதுதான் பிரச்சினை என்றால் மட்டும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அப்படியும் யாராவது சிடுசிடுத்தால்? சிடுசிடுப்பவருக்குப் பெரும்பாலும் விடை தெரியும், களைத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான். “தேடினேன் ஐயா, இந்தச் சொற்களைப் போட்டேன், வேறு எந்தச் சொல் போடலாம்?” என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு இணைப்பை எடுத்துத் தந்துவிடுவார்கள். தரவில்லை என்றால் வேறு ஒருவர் தருவார். அந்த 127-வது குறளை அவருக்கு அனுப்பும் ஆசை வரும். அனுப்பாதீர்கள், வேலை கெட்டுவிடும்.

பழைய ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், என்னையும் சேர்த்துத்தான். ‘தேடுங்கள்’ என்று எழுத ஆகும் நேரத்தில், எந்தச் சொல்லைப் போட்டால் வரும் என்று எழுதிவிடலாம். ‘பாமினி யூனிகோடு மாற்றி என்று தேடுங்கள்’ என்பது ஒரு முழுப் பதில், வெறும் ‘தேடுங்கள்’ அரைப் பதில்கூட இல்லை. நூறு முறை கேட்ட கேள்வி என்றால், நூறு பேர் தேடியும் கிடைக்காத இடத்தில் நம் பதில் கிடக்கிறது என்றும் அதற்கு அர்த்தம் உண்டு.

கடைசிப் படி: விடை கிடைத்த பிறகு

‘நன்றி, சரியாகிவிட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எது சரியாக்கியது என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுதும்போது, தொடக்கத்தில் நீங்கள் தேடித் தோற்ற சொற்களையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். உங்களைப்போல அடுத்து வருபவரும் அவற்றைத்தான் முதலில் போடுவார். நான் என் பழைய பதிலைத் திருத்தி அதன் அடியில் சேர்த்த வரி இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“தேடி வருபவர்களுக்காக: ஃபான்ட், பான்ட், எழுத்துரு, பாண்ட் மாற்றுவது, பாமினி, பாமிணி, யூனிகோட், யுனிகோடு, ஒருங்குறி, தமிழ் எழுத்து வரவில்லை, ஆங்கிலமாகத் தெரிகிறது, கட்டம் கட்டமாகத் தெரிகிறது.”